நான் ஒழித்துக் கட்டிய வரிசை

வரிசையில் நிற்பது என்றால் எனக்கு ஆகவே ஆகாது. மெட்ரோ ஸ்டேஷனில் பையைச் சோதிக்கும் இடத்தில்கூட எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று கணக்குப் போட்டுத்தான் நிற்பேன். நின்ற பிறகு பக்கத்து வரிசை முந்திக்கொண்டால் அன்றைக்கு முழுவதும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். இந்தக் குணத்துக்கு ஏற்ற மாதிரியே எனக்கு ஒரு வேலையும் கிடைத்தது. விமான நிலையத்தில் எத்தனை கவுன்டர் திறந்தால் பயணிகள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் வேலை. செயல்பாட்டு ஆய்வு என்ற பெரிய படிப்புக்குள் வரிசைக் கோட்பாடு என்று ஒரு மூலை இருக்கிறது. அந்த மூலையில்தான் என் பிழைப்பு.

இதை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "மருமக ஏர்போர்ட்ல கூட்டத்தை ஒழுங்குபடுத்துறா" என்று என் மாமியார் சொல்லிவைத்ததில் தெருவில் பாதிப் பேர் என்னைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் பந்திக்கு முண்டியடித்த கூட்டத்தை என்னிடமே ஒப்படைத்துவிட்டார்கள். நானும் விடாமல் ஒழுங்குபடுத்தினேன். கடைசிப் பந்தியில்தான் எனக்குச் சாப்பாடு கிடைத்தது, அதிலும் பாயசம் இல்லை.

நாங்கள் இருப்பது தில்லியில், துவாரகாவில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெட்ரோ பிடித்துக் கரோல் பாக் போவோம். அங்கே தமிழர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமாகக் கட்டடம் இருக்கிறது. மாடியில் கல்யாண ஹால், கீழே ஒரு பக்கம் கேன்டீன், இன்னொரு பக்கம் மாடிப்படியை ஒட்டி ஒற்றை அறையில் நூலகம். நூலகம் ஞாயிறு காலை மட்டும்தான் திறந்திருக்கும். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பலகையில் 'நூலகம்' என்று எழுதியிருப்பதை மூன்று தவணையில் படிப்பாள். அவளுக்கு நாலு எழுத்து பழகட்டும் என்றுதான் போக ஆரம்பித்தோம். இரண்டாவது வாரமே அவள் டிமிக்கி கொடுத்துவிட்டாள். அதன் பிறகு நானும் என் கணவரும் மட்டும் போய்வந்தோம். நான் புத்தகத்துக்கு, அவர் கேன்டீன் பொங்கலுக்கு.

நூலகத்துக்குப் பொறுப்பு ஓர் அக்கா. எல்லோருக்குமே அவர் அக்காதான். திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தில்லிக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் அவர் பேசும் இந்திகூடத் திருநெல்வேலி இந்தியாகத்தான் இருக்கும். நூலக வேலைக்குச் சம்பளம் கிடையாது. கணவர் போய்விட்டார், மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உடுத்தி வரும் புடவையைப் பார்த்தாலே, வாரம் முழுக்க அந்த ஒரு காலைக்காகத்தான் காத்திருந்தார் என்று தெரிந்துவிடும்.

அக்காவுக்கு ஒரு வழக்கம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் சும்மா வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார். "படிச்சீயளா? அந்த மூத்த மருமவ வீட்டை விட்டுப் போனது சரிதானா? சொல்லுங்க" என்பார். பதில் சொன்னால்தான் அடுத்த புத்தகம். படிக்காமலே கொண்டுவந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். "இன்னும் ஒரு வாரம் வச்சிருந்து படிச்சிட்டு வாங்க, அவசரம் ஒண்ணுமில்ல" என்று அதே புத்தகத்தை அவர்கள் கையிலேயே திணித்துவிடுவார். நடுநடுவே யாருக்கு வாடகைக்கு வீடு வேண்டும், யார் பையனுக்கு மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, யார் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறார்கள் என்று எல்லாம் விசாரித்துத் தீர்ப்பார். இதனால் வரிசை அறையைத் தாண்டி, மாடிப்படியைத் தாண்டி, வாசல் கேட் வரைக்கும் போய் நிற்கும்.

வரிசை நிற்கும் என்றுதான் சொன்னேன், ஆட்கள் நிற்பார்கள் என்று சொல்லவில்லை. நின்றவை பைகள். ரேஷன், கேஸ், பால் பூத் என்று அரசுக் குடியிருப்புகளில் பழகிய வழக்கம் அது. முதலில் வருகிறவர் தன் பையைத் தரையில் வைத்து இடம் பிடித்துவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போய்விடுவார். அடுத்தவர் அதன் பின்னால் தன் பையை வைப்பார். இதில் ஒரு சிக்கல். தில்லித் தமிழர்கள் எல்லோரும் போவது ஒரே கல்யாணங்களுக்குத்தான். ஆகவே எல்லோர் கையிலும் இருப்பது ஒரே மணமக்களின் பெயர் அச்சடித்த ஒரே மஞ்சள் தாம்பூலப் பை. சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறவருக்குத் தன் பை எது என்று தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் பைதான் தன்னுடையது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றும். பின்னாலேயே வருகிறவருக்கும் அப்படியே தோன்றும். வாரம் தவறாமல் இதற்கு ஒரு சண்டை நடக்கும். அந்த மணமக்கள் இப்போது குழந்தை குட்டியோடு நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்கள் பேரைச் சொல்லி இங்கே எத்தனை பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு என் முறை வந்தபோது அக்கா புத்தகத்தை வாங்கி வைத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"ரூமைக் கேக்காவட்டி" என்றார்.

கேன்டீன்காரர்தான் மாடி ஹாலில் கல்யாணச் சமையலும் எடுப்பவர். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை எல்லாம் வைக்க இடமில்லை என்று சங்கச் செயலாளரிடம் நூலக அறையைக் கேட்டிருக்கிறார். அடுத்த மாத முதல் ஞாயிறு செயற்குழுவினர் நூலகத்தை நேரில் வந்து பார்ப்பார்கள். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அதற்கு அடுத்த ஞாயிறு கூட்டம் போட்டு, அறையைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிடுவதாகத் தீர்மானம் நிறைவேற்றுவார்கள்.

"அப்ப புத்தகமெல்லாம்?"

"பழைய பேப்பர் வாங்குத கபாடிக்காரன்ட்ட எடைக்குப் போட்ருவாவ. வேற எங்க வைக்க?" நான் கொடுத்த புத்தகத்தின் அட்டையைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம நான் எங்கட்டி போவேன்?" என்றார். அதை என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அக்கா, வரிசையும் கூட்டமும்தான் என் தொழில். என்கிட்ட விட்டுட்டு நீங்க நிம்மதியா இருங்க" என்றேன். விமான நிலையத்தில் பெரிய அதிகாரிகள் பார்வையிட வரும்போது நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். வரிசையே கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வோம். நின்று கால் வலிக்கும் இடத்தை யார் மெச்சுவார்கள்? நூலகத்தில் காத்திருப்பே இல்லை என்று காட்டிவிட்டால் செயற்குழு அசந்துபோகும் என்று நினைத்தேன். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இதைப் படிக்கும் யாருக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் அதிகம் படித்தவள்.

முதலில் அளக்க வேண்டும். அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் எப்போது வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று குறித்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் விடை வினோதமாக வந்தது. வரிசை நெடுநேரம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, பிறகு ஒரே மூச்சில் கரைந்துவிட்டது. உலகத்தில் எந்த வரிசையும் இப்படி நடந்துகொள்ளாது. புதிய கோட்பாடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீ எண்ணினது பைகளை" என்றார் என் கணவர். "ஆளுங்க எல்லாம் என்கூட பொங்கல் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. பை எப்படிம்மா நடக்கும்?"

அதனால் என் முதல் சீர்திருத்தம் பையின் மேல் பாய்ந்தது. 'பை செல்லாது. ஆள் நிற்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இது அடிப்படை உரிமை என்றார் ஒருவர். இன்னொருவர் பையின் மேல் தன் புகைப்படத்தைக் குத்திவைத்துவிட்டு, "இப்ப இது ஆளா பையா சொல்லுங்க" என்று வாதாடினார். நான் அசைந்து கொடுக்கவில்லை.

அடுத்து, திருப்பிக் கொடுக்கும் வேலையையும் எடுத்துப் போகும் வேலையையும் பிரித்தேன். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதை மெட்ரோவில் தூக்கிக்கொண்டு வந்து, புத்தகத்தை அதில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்று வைத்தோம். பெட்டிக்குக் காவல் என் கணவர். எல்லோரும் கேட்கும் சமையல் புத்தகங்கள், ஜோதிடம், தொடர்கதைத் தொகுப்புகள் எல்லாவற்றையும் கதவுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் அலமாரிக்கு மாற்றினேன். யாரும் தொடாத ஆராய்ச்சி நூல்கள் உள்ளே ஏணி போட்டு எடுக்கும் உயரத்துக்குப் போயின. துவாரகாக்காரர்களுக்கு ஒரு நேரம், கரோல் பாக்காரர்களுக்கு ஒரு நேரம், மற்றவர்களுக்கு ஒரு நேரம் என்று வாட்ஸ்அப்பில் பிரித்து அனுப்பினேன். ஒரே நேரத்தில் எல்லோரும் வந்து குவிந்தால்தானே வரிசை?

மிஞ்சியது அக்காவின் கேள்விகள். எவ்வளவு கணக்குப் போட்டாலும் கடைசியில் அங்கேதான் முட்டிக்கொண்டது. எங்கள் பாஷையில் அதற்குச் சேவை நேரம் என்று பெயர். அக்காவின் சேவை நேரத்துக்கு மேல்வரம்பே கிடையாது. ஒருவர் ஒரு வார்த்தையில் முடிப்பார், இன்னொருவர் நாத்தனார் கதையில் ஆரம்பித்தால் சூரியன் உச்சிக்கு வந்துவிடும்.

"அக்கா, ஒரே ஒரு நாள். கேள்வியே கேக்காம புத்தகத்தை மட்டும் குடுங்க."

"கேக்காம எப்படிட்டி? அவிய படிச்சாவளா இல்லியான்னு எனக்குத் தெரியாண்டாமா?"

"வேண்டாம்க்கா. ரூம் வேணும்னா வேண்டாம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்வையிட வரும் ஞாயிறன்று வாயில் ஓர் இருமல் மாத்திரையை அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேசத் தோன்றினால் அதை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றிக்கொள்வது என்று எங்களுக்குள் ஏற்பாடு.

அன்றைக்கு நடந்ததை என் தொழிலில் வைத்துப் பார்த்தால் அற்புதம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் வந்தார், பெட்டியில் போட்டார், அலமாரியில் எடுத்தார், அக்காவிடம் காட்டினார், போனார். அவர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அடுத்தவர் வந்தார். யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. மாத்திரை மட்டும் இடதும் வலதுமாக அலைந்துகொண்டிருந்தது. நான் பூரித்துப்போய் நின்றேன். விமான நிலையத்தில்கூட எனக்கு இப்படி ஒரு காலை வாய்த்ததில்லை.

செயலாளர் தன் குழுவோடு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்தவர். கெட்டவர் இல்லை. எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான். அவர் கண்ணில் பட்டது என்னவென்றால், வாயைத் திறக்காத ஒரு நூலகர், அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணயர்ந்துவிட்ட என் கணவர், பல்லைக் காட்டிக்கொண்டு நான். வேறு ஆளே இல்லை.

"ஏனுங்க அம்மணி, ஒரு ஈ காக்காயக் காணமுங்களே?"

"அதுதான் சார் சாதனையே! காத்திருப்பே இல்லாம பண்ணிட்டோம்" என்றேன்.

"அச்சா" என்றார் அவர். அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "யாருமே நிக்காத எடத்துக்கு எதுக்குங்க இத்தாப் பெரிய ரூமு?"

நான் வருகை வீதம், சேவை வீதம் என்று விளக்க ஆரம்பித்தேன். நான் பேசப் பேச அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கேன்டீன்காரர் அதற்குள் ஓர் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து, கதவுக்குள் நுழைகிறதா என்று பார்த்தார். நன்றாகவே நுழைந்தது. "அடுத்த வாரம் எப்பிடியும் வரப்போவுது, இங்கயே கெடக்கட்டும்" என்று மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போனதும் அக்கா மாத்திரையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஏட்டி, வாரவியளைக் காணாமப் பண்ணுததுக்கா உன்னயக் கூப்பிட்டேன்?"

திரும்பி வரும்போது மெட்ரோவில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவமானம் ஒரு பக்கம், அக்காவின் அந்தப் புடவை நினைவுக்கு வந்தது இன்னொரு பக்கம். என் கணவர் ஆறுதல் சொல்ல முயன்றார். "நல்லவேளை, ஏர்போர்ட்ல நீ இவ்வளவு நல்லா வேலை பாக்கல. யாரும் வரலைன்னு மூடியிருப்பாங்க" என்றார். அன்றிரவு வீட்டில் அவருக்குத் தயிர்சாதம்தான் கிடைத்தது.

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டென்று ஒன்று உறைத்தது. வரிசையை ஒழிக்க எந்தச் சூத்திரமோ, வளர்க்கவும் அதே சூத்திரம்தானே? இத்தனை காலமாக எதையெல்லாம் செய்யக்கூடாது என்று அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதையெல்லாம் செய்துவிட்டால் போதும். எல்லோரையும் ஒரே நேரத்தில் வரவழைக்க வேண்டும். ஒரே ஒரு கவுன்டர். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஒருவரை அதில் உட்கார வைக்க வேண்டும். உலகத்தில் அப்படி ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாத்திரை இல்லாத அக்கா இருக்கிறார்.

இது ஏமாற்று ஆகாதா என்று கொஞ்சம் யோசித்தேன். யாரையும் வெளியிலிருந்து பிடித்துவரப் போவதில்லை. எல்லோரும் நிஜமாகவே புத்தகம் படிக்கிறவர்கள். தனித்தனியாக வந்துபோனவர்கள் சேர்ந்து வரப்போகிறார்கள், அவ்வளவுதான். சாப்பாட்டை மிச்சம் வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "இந்த ஞாயிறு எல்லோரும் பத்தரைக்கு வரவும். ரூம் போகப் போகிறது. ஜல்தி." அறிவிப்புகளில் ஒன்றை மட்டும் கதவிலிருந்து கிழிக்கவில்லை. பை செல்லாது. பைகளை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் பொங்கலுக்குப் போனால் செயலாளர் கண்ணுக்கு மறுபடியும் ஆளே தெரியாதே.

தீர்மானம் போடும் ஞாயிறு வந்தது. கூட்டம் மாடியில் பதினொரு மணிக்கு. பத்தே முக்காலுக்கே கீழே வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது. துவாரகா, கரோல் பாக், இன்னும் எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கட்டட வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் குழந்தைகளோடு வந்து படக்கதைப் புத்தகத்துக்காக நின்றார்கள். ராணுவத்தில் இருந்த ஒருவர் விறைப்பாக நின்றார், அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தங்களையறியாமல் விறைத்துக்கொண்டார்கள். வரிசை ஜூஸ்காரரைக் கடந்து, மோமோ வண்டியருகே வளைந்து, அடுத்த கட்டடத்தின் வாசலுக்குப் போனது.

உள்ளே அக்கா ஒரு வாரமாக அடக்கிவைத்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் ஆளே இன்னும் நகரவில்லை. "அப்ப அந்தத் தம்பிகாரன் செஞ்சது துரோகம் இல்லங்கியளா? எங்க, இன்னொரு மட்டம் சொல்லுங்க." என் வாழ்நாளில் இவ்வளவு மோசமான சேவை வீதத்தை நான் பார்த்ததில்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தில்லியில் ஒரு வரிசை நின்றால் அது தானாகவே வளரும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காய்கறி வாங்கப் போன ஒருவர் நின்று, "பையா, யஹாங் க்யா மில் ரஹா ஹை?" என்று, இங்கே என்ன கிடைக்கிறது என இந்தியில் விசாரித்தார். தமிழ்ப் புத்தகம் கிடைக்கிறது என்று சொன்னார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார், அதற்குள் நாலைந்து பேர் அவர் பின்னால் சேர்ந்துவிட்டிருந்தார்கள். சரி, வந்தது வந்தோம் என்று நின்றுவிட்டார். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாத மனிதர் அன்றைக்குத் தென்னிந்தியச் சட்னி வகைகள் பற்றிய புத்தகம் ஒன்றைப் படத்துக்காக வாங்கிப் போனார்.

செயலாளர் கூட்டத்துக்காக வேகமாக வந்தார். கையில் அதே மஞ்சள் தாம்பூலப் பை. வரிசையைப் பார்த்தார், அவர் கால் தானாக அதன் கடைசிக்குப் போய் நின்றது. வாழ்நாள் முழுக்க அரசுக் குடியிருப்பில் இருந்தவருக்கு அது மூளை வரைக்கும் போகிற விஷயமே இல்லை.

"எதுக்குங்க நிக்கறீங்க?" என்று முன்னால் இருந்தவரைக் கேட்டார்.

"லைப்ரரிக்கு சார். இன்னிக்கு என்னமோ பெரிய கூட்டம். ஏதோ விசேஷமா குடுக்கறாங்க போல."

செயலாளர் நிற்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது என்று அடுத்து வந்த செயற்குழு உறுப்பினர் அவர் பின்னால் நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். பொருளாளர் மனைவியையும் அழைத்து வந்து இரண்டு இடமாகப் பிடித்துக்கொண்டார். மாடியில் தலைவரும் கேன்டீன்காரரும் மட்டும் ஒரு தட்டு வடையோடு காத்திருந்தார்கள்.

பதினொன்று போய்ப் பன்னிரண்டும் அடித்தது. அப்போதுதான் செயலாளருக்குக் கூட்டம் ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் அவர் மாடிப்படி வரைக்கும் முன்னேறியிருந்தார். பையைத் தரையில் வைத்து, முன்னால் இருப்பவரிடம் கண்ணால் சொல்லிவிட்டு, முதல் படியில் காலை வைத்தார். நான் கதவில் இருந்த அறிவிப்பைக் காட்டினேன்.

"சார், பை செல்லாது. ஆள்தான் நிக்கணும்."

"ஒரு தீர்மானத்த மட்டும் போட்டுட்டு வந்தர்றனுங்க அம்மணி."

"தாராளமா போய்ட்டு வாங்க சார். வந்து கடைசில நின்னுக்கலாம்."

அவர் திரும்பிக் கேட் பக்கம் பார்த்தார். வரிசையின் கடைசி கண்ணுக்கே தெரியவில்லை. அவர் முகத்தில் ஓடியதை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன், ஏனென்றால் அது தினமும் மெட்ரோவில் என் முகத்தில் ஓடுவது. பையை மெதுவாக எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டார். காலைப் படியிலிருந்து இறக்கிக்கொண்டார். மாடியில் போதுமான உறுப்பினர்கள் இல்லாததால் கூட்டம் நடக்கவில்லை. தலைவர் வடை முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்தபோது, கடைசியில் போய் நிற்கச் சொன்னோம்.

செயலாளர் கவுன்டருக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு போக முடியுமா? "என்ன வேணும் சொல்லுங்க" என்றார் அக்கா. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல்லூரி நாளோடு தமிழ் படிப்பதை விட்டுவிட்டேன் என்றார். அக்கா ஒரு மெல்லிய கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "மெதுவாப் படியுங்க. அடுத்த வாரம் வந்து, அந்த மாட்டை வித்தது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லணும்."

அன்று கடைசி ஆள் போன பிறகு அக்கா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, இருவரும் கேன்டீனில் போய்ப் பொங்கல் கேட்டோம். தீர்ந்துவிட்டது என்றார்கள்.

அடுத்த மாதம் செயற்குழு கூடியது. நூலகத்தில் நிற்கிறவர்கள் வெயிலில் வாடுகிறார்கள், ஷாமியானா போட வேண்டும் என்று செயலாளரே தீர்மானம் கொண்டுவந்தார். பாத்திரங்களுக்கு மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை என்று முடிவானது. மாட்டை விற்றது சரிதான் என்று செயலாளரும், தப்பு என்று அக்காவும் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், அவர் முறை வரும்போதெல்லாம் வரிசை அப்படியே உறைந்துவிடும். எனக்கும் அங்கே சலுகை எதுவும் கிடையாது. நானும் நின்றுதான் வாங்குகிறேன். படிக்காமல் போய் இரண்டு தடவை மாட்டிக்கொண்டும் இருக்கிறேன். வாரம் முழுக்க விமான நிலையத்தில் மற்றவர்களின் வரிசையைக் குறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து கால் கடுக்க நிற்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அட்டைப்பெட்டி மழையில் ஊறிப் பிய்ந்துபோனதால், மூலையில் கிடந்த அண்டாவைத்தான் திரும்பி வரும் புத்தகங்களைப் போட வைத்திருக்கிறார் அக்கா. போன மாதம் ஒரு கல்யாண ஆர்டருக்காகக் கேன்டீன்காரர் அண்டாவைக் கேட்டு வந்தார்.

"அக்கா, அண்டா வேணும். அவசரம்."

"வரிசையில வாங்க" என்றார் அக்கா, தலையைத் தூக்காமலே.

கேன்டீன்காரர் வெளியே வந்து, கேட் வரைக்கும் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. தோளில் இருந்த மஞ்சள் பையைக் கழற்றிக் கடைசி ஆளின் பின்னால் தரையில் வைத்துவிட்டு, நைசாகக் கேன்டீன் பக்கம் திரும்பினார். அந்தக் கடைசி ஆள் செயலாளர். அவர் கையில் இருந்த புத்தகத்தை மூடி, விரலை அடையாளத்துக்கு உள்ளே வைத்துக்கொண்டு, கேன்டீன்காரரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, பை செல்லாதுங்க. ஆள்தான் நிக்கோணும்."